டூ ஸ்ட்ரோக் குவாட் வண்டி சரியாக ஓடவில்லையா? கார்புரேட்டர் திருகைத் தொடுவதற்கு முன் காற்றுக் கசிவைத் தேடுங்கள்

கிக்கரை உதைத்தால் எஞ்சின் உயிர் பெறுகிறது. ஆனால் ஐடிலில் நிற்காமல் அணைந்துபோகிறது, அல்லது திராட்டிலை விட்ட பிறகும் சத்தம் இறங்காமல் தொங்கி நிற்கிறது. பாதித் திறப்பில் திக்குகிறது, முழுத் திறப்பில் இழுவை இல்லை, நேற்று நன்றாக இருந்த வண்டி இன்று வேறு மாதிரி நடந்துகொள்கிறது. பழைய டூ ஸ்ட்ரோக் குவாட் (கரடுமுரடான தரையில் ஓட்டும் நான்கு சக்கர வண்டி) வாங்கிய பெரும்பாலோர் முதல் மாதத்திலேயே இவற்றில் ஏதாவது ஒன்றைச் சந்தித்துவிடுகிறார்கள். உடனே எல்லாருடைய கையும் கார்புரேட்டரில் உள்ள திருகுக்குத்தான் போகிறது. அந்தக் கையைச் சற்று நிறுத்திவைக்கச் சொல்வதே இந்தப் பதிவின் நோக்கம்.

என்னிடம் இருப்பது ஒற்றைச் சிலிண்டர், காற்றால் குளிரும் 200 சிசி எஞ்சின். ஆனாலும் இங்கே சொல்பவை யமஹா பிளாஸ்டர், பான்ஷீ, ஹோண்டா டிஆர்எக்ஸ் 250 ஆர், சுசூகி எல்டி 250 ஆர் போன்ற வண்டிகளுக்கும் பெரும்பாலும் பொருந்தும். டிஆர்எக்ஸ் 250 ஆர் 1989-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. பிளாஸ்டரும் பான்ஷீயும் வட அமெரிக்கச் சந்தையில் 2006-ஆம் ஆண்டோடு நின்றன. ஆகவே இன்று கைமாறி வரும் வண்டிகளில் இருக்கும் ரப்பர் பாகங்கள், யாரும் மாற்றியிராவிட்டால், ஏறத்தாழ இருபது வருடங்களோ அதற்கும் மேலோ பழையவை. உலோகம் தாங்கியிருக்கும், ரப்பர் இறுகி, வெடித்து, பிடிப்பை இழந்திருக்கும். நோயின் வேர் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

முதல் படி: பெட்ரோலும் தீப்பொறியும்

நான் வசிக்கும் ஒன்டாரியோவில் குளிர்காலம் முழுவதும் வண்டி கொட்டகையில் நின்றுவிடும். எத்தனால் கலந்த பெட்ரோல் அப்படி மாதக்கணக்கில் நின்றால் கெட்டுப்போய், கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் ஜெட் என்ற பாகத்தின் நுண்துளையில் பிசினாகப் படியும். எனவே பழைய பெட்ரோலை முழுவதும் வடித்துவிட்டு, ஆயிலோடு புதிதாகக் கலந்ததை ஊற்றுங்கள். பிறகு கார்புரேட்டருக்கு வரும் குழாயைக் கழற்றி, பெட்ரோல் தடையின்றி ஓடுகிறதா என்று பாருங்கள். தொடக்கத்தில் நன்றாக ஓடிச் சற்று நேரத்தில் மெலிந்தால், டேங்க் மூடியின் காற்றுக் குழாய் அடைத்திருக்கிறது. மூடியைத் தளர்த்தியதும் ஓட்டம் திரும்பினால் சந்தேகமே வேண்டாம்.

பிளக்கைப் புதிதாகப் போடுங்கள். பிளாஸ்டருக்கும் பான்ஷீக்கும் என்ஜிகே பி8ஈஎஸ் வகை பொருந்தும், இடைவெளி 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர். பிளக்கைச் சிலிண்டர் ஹெட்டில் தொடவைத்துக் கிக்கரை உதைக்கும்போது நீலநிறப் பொறி பளிச்சென்று விழ வேண்டும். வண்டி சூடான பிறகு மட்டும் பொறி மறைந்தால் பொறிக்கான மின்சாரத்தைத் தரும் ஸ்டேட்டர் காயிலையோ, பொறி விழும் நேரத்தைக் காட்டும் பிக்கப் காயிலையோ சந்தேகிக்கலாம்.

இரண்டாம் படி: கம்ப்ரஷன்

பிஸ்டன் கலவையை எவ்வளவு அழுத்துகிறது என்பதே கம்ப்ரஷன். எஞ்சினைச் சற்று சூடாக்கி, பிளக்கைக் கழற்றி, அந்த இடத்தில் கம்ப்ரஷன் கேஜைத் திருகி, திராட்டிலை முழுவதும் திறந்து பிடித்துக்கொண்டு, முள் மேலே ஏறாமல் நிற்கும்வரை உதையுங்கள். பிளக் கேப்பை மறக்காமல் எஞ்சினோடு எர்த் செய்துவிடுங்கள். தொங்கவிட்டு உதைத்தால் பொறியை இயக்கும் சிடிஐ மின்னணுப் பெட்டி கெட்டுப்போக வாய்ப்புண்டு. ஸ்டாக் நிலையில் (மாற்றம் எதுவும் செய்யாமல்) உள்ள எஞ்சின் 120 பிஎஸ்ஐ அளவில் காட்டினால் நிம்மதியாக அடுத்த படிக்குப் போகலாம். நூறுக்குக் கீழே இருந்தால் ரிங்கும் பிஸ்டனும் தேய்ந்திருக்கின்றன. எந்த ஜெட்டும் அதைச் சரிசெய்யாது.

கேஜ் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். குழாயின் எஞ்சின் பக்க முனையிலேயே சிறிய வால்வு இருக்கும் கேஜைத்தான் வாங்க வேண்டும். வால்வு கேஜின் தலைப்பக்கம் இருந்தால் குழாயின் கொள்ளளவும் எரியறையோடு சேர்ந்துவிடும். சிறிய எஞ்சினில் அது அளவைக் குறைத்துக் காட்டி, நல்ல எஞ்சினைப் பிரிக்க வைத்துவிடும்.

மூன்றாம் படி: காற்றுக் கசிவுச் சோதனை

இந்தப் படியில்தான் நான் நெடுநாள் தேங்கி நின்றேன், ஆகவே விரிவாகவே சொல்கிறேன். ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க் கேஸ் வெறும் எண்ணெய் இருக்கும் அறை. டூ ஸ்ட்ரோக்கில் அதுவே பம்பு. பிஸ்டன் மேலே போகும்போது பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை, ஒருவழியாக மட்டும் திறக்கும் ரீட் வால்வைத் தாண்டி கிராங்க் கேஸுக்குள் இழுக்கப்படுகிறது. பிஸ்டன் கீழே வரும்போது அதே கலவை அழுத்தப்பட்டு, டிரான்ஸ்ஃபர் போர்ட் என்ற துளைகள் வழியாகச் சிலிண்டருக்கு ஏறுகிறது. இந்த அறையில் எங்கேனும் மயிரிழை அளவு ஓட்டை இருந்தாலும், கார்புரேட்டர் அளந்து கொடுத்த கலவையோடு அளக்கப்படாத காற்று வந்து சேர்ந்துவிடும். கலவை லீன் ஆகும் (காற்று கூடிப் பெட்ரோல் குறையும்), எஞ்சின் சூடேறும், முழு வேகத்தில் ஒருநாள் பிஸ்டன் சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளும். அந்த நிலையில் பெரிய ஜெட் போட்டால் அறிகுறி சற்று மறையும், ஓட்டை அப்படியே இருக்கும். கசிவு சூட்டுக்கும் வேகத்துக்கும் ஏற்ப மாறுவதால் எந்த டியூனிங்கும் நிலைக்காது. நேற்று சரியாக இருந்தது இன்று மாறுவதற்குக் காரணமும் இதுவே.

தேவையானவை எளியவை: 0 முதல் 15 பிஎஸ்ஐ வரை மட்டும் காட்டும் கேஜ் பொருத்திய ஒரு கைப்பம்பு, பிளம்பிங் கடையில் கிடைக்கும் திருகினால் விரியும் ரப்பர் அடைப்பான்கள் இரண்டு, அவற்றில் ஒன்றில் குழாய் செருக ஒரு நிப்பிள், சோப்புத் தண்ணீர், சிறிய பெயிண்ட் பிரஷ். டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸர் வேண்டவே வேண்டாம். அதன் ஒரு மூச்சிலேயே ஆயில் சீல் இடத்தைவிட்டு வெளியே வந்துவிடும்.

கார்புரேட்டரையும் சைலன்சர் பைப்பையும் கழற்றுங்கள். எக்ஸாஸ்ட் போர்ட்டை ஓர் அடைப்பானால் மூடுங்கள். கார்புரேட்டர் அமரும் ரப்பர் பூட்டில் நிப்பிள் உள்ள அடைப்பானை வைத்துக் கிளிப்பை இறுக்குங்கள். ஆயில் பம்பிலிருந்து வரும் மெல்லிய குழாய் இருந்தால் அந்த வழியையும் அடைக்க வேண்டும். பிளக் தன் இடத்திலேயே இருக்கட்டும். பிஸ்டனைக் கீழ்முனைக்குக் கொண்டுவாருங்கள். அப்போதுதான் போர்ட்டுகள் திறந்து, கிராங்க் கேஸும் சிலிண்டரும் ஒரே அறையாகும்.

இப்போது மெதுவாக 6 பிஎஸ்ஐ வரை ஏற்றி நிறுத்துங்கள். அந்த அழுத்தம் ஆறு நிமிடம் அசையாமல் நிற்க வேண்டும் என்பதே பலரும் பின்பற்றும் அளவுகோல். முள் இறங்கினால் பதற வேண்டாம். முதலில் உங்கள் அடைப்பான்களுக்கும் குழாய் இணைப்புகளுக்கும் சோப்புத் தண்ணீர் தடவுங்கள், ஏனென்றால் புதிதாகச் செய்பவர்களுக்குப் பெரும்பாலும் கசிவது அவைதாம். அங்கே குமிழி இல்லை என்று உறுதியான பிறகு சிலிண்டரின் அடிக் கேஸ்கெட், ஹெட், ரீட் வால்வு அமரும் இடம், ரப்பர் பூட்டின் அடிப்பக்க மடிப்பு, கிராங்க் கேஸின் நடு இணைப்பு என்று வரிசையாகத் தடவிக்கொண்டே வாருங்கள். ரப்பர் பூட்டை விரலால் வளைத்துப் பாருங்கள். மேலே பளபளப்பாக இருந்தாலும் மடிப்புக்குள் வெடிப்பு ஒளிந்திருக்கும்.

அடுத்தது கிராங்கின் இரு பக்கங்களிலும் உள்ள ஆயில் சீல்கள். மேக்னெட் பக்கச் சீலைப் பார்க்க ஃப்ளைவீலைக் கழற்றியாக வேண்டும். அதற்கென்று உள்ள புல்லரையே பயன்படுத்துங்கள். சுத்தியலால் தட்டினால் கிராங்க் கெடும். சீலின் உதட்டைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் விட்டதும், கசிவு இருந்தால் மிக நுண்ணிய நுரை வெண்மையாகப் பொங்கி, துடைத்தாலும் அதே இடத்தில் மீண்டும் வளரும். அந்த நுரையை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் இந்தச் சோதனையின் அருமை புரியும்.

கிளட்ச் பக்கச் சீல் கியர் ஆயிலுக்குள் இருப்பதால் அங்கே பிரஷ் போகாது. கியர் பாக்ஸின் காற்றுக் குழாய் முனையை ஒரு தம்ளர் தண்ணீருக்குள் வைத்து, மீண்டும் 6 பிஎஸ்ஐ ஏற்றுங்கள்; தண்ணீரில் தொடர்ந்து குமிழி வந்தால் கிளட்ச் பக்கச் சீல் போய்விட்டது. இந்தச் சீல் கெட்டால் எஞ்சின் கியர் ஆயிலையே குடித்து எரிக்கும்: புகை அடர்த்தியாக வரும், பிளக் எண்ணெயில் நனையும், வெளியே ஒரு சொட்டு ஒழுக்கும் இல்லாமலே கியர் ஆயில் மட்டம் குறையும்.

ஓடும் எஞ்சினின் மேல் கார்ப் கிளீனரை அடித்து, சத்தம் மாறுகிறதா என்று பார்க்கும் முறையைப் பலர் சொல்வார்கள். நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. சூடான சைலன்சருக்கு அருகில் தீப்பற்றும் திரவத்தைத் தெளிப்பது ஆபத்து; தவிரவும் கிளட்ச் பக்கச் சீலை அது காட்டவே காட்டாது.

சீலை மாற்றும்போது

பழைய சீலின் முகத்தில் சிறிய திருகு ஒன்றைச் செலுத்தி, அதைக் கொறடாவால் பிடித்து இழுக்கலாம். கிராங்க் தண்டில் கீறல் விழாமல் பார்த்துக்கொள்வதே முக்கியம். புதிய சீலின் உதட்டில் கிரீஸ் தடவி, சுருள்கம்பி உள்ள பக்கம் கிராங்க் கேஸை நோக்கி இருக்குமாறு, பழையது இருந்த ஆழத்துக்கே நேராகச் செலுத்துங்கள். சில எஞ்சின்களில் சீலின் விளிம்பு கேஸின் பள்ளத்துக்குள் அமர்ந்திருக்கும். அவற்றில் கேஸைப் பிரிக்காமல் மாற்ற முடியாது. மேனுவலைப் பார்க்காமல் இழுக்கத் தொடங்காதீர்கள். முடித்ததும் கசிவுச் சோதனையை மறுபடியும் முழுமையாகச் செய்யுங்கள்.

நான்காம் படி: இப்போது கார்புரேட்டர்

ஜப்பானியக் கார்புரேட்டரின் திருகுகளுக்கு ஜேஐஎஸ் (ஜப்பானியத் தரநிலை) வகைத் திருப்புளியை வாங்குங்கள். சாதாரண பிலிப்ஸ் திருப்புளி தலையை மழுங்கடித்துவிடும். பைலட் ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் துளை முழு வட்டமாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் கிளீனரில் ஊறவைத்து, மின்வயரிலிருந்து உருவிய ஒற்றைச் செம்பு இழையால் குத்துங்கள். எஃகுக் கம்பி துளையைப் பெரிதாக்கிவிடும்.

திராட்டில் கால் பங்கு திறக்கும்வரை பைலட் ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும், கால் முதல் முக்கால்வரை ஊசியும், அதற்கு மேல் மெயின் ஜெட்டும் ஆட்சி செய்கின்றன. ஆகவே திக்கல் எந்தத் திறப்பில் வருகிறது என்று கண்டால் எதைத் தொட வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். ஏர் ஸ்க்ரூவை முழுதும் உள்ளே திருகி, ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்துத் தொடங்குங்கள். வெளியே எடுத்தால் லீன், உள்ளே விட்டால் ரிச் (பெட்ரோல் கூடுதல்). ஒரு சுற்றுக்குள்ளேயே ஐடில் நன்றாக இருந்தால் பைலட் ஜெட் சிறிது. இரண்டரைச் சுற்றைத் தாண்டினால் பெரிது. மெயின் ஜெட்டை எப்போதும் பெரியதிலிருந்து தொடங்கிக் குறையுங்கள். ரிச்சாக ஓடும் எஞ்சின் மந்தமாகத்தான் இருக்கும். லீனாக ஓடுவதோ உடைந்துபோகும்.

பின்சேர்க்கை: வாசகர்கள் கேட்டவை

பிளாஸ்டர் வைத்திருக்கும் ஒருவர், எல்லாச் சோதனையும் முடிந்த பிறகும் எஞ்சின் குறைந்த வேகத்துக்கு மேல் ஏறாமல் வெட்டுகிறது என்று எழுதியிருந்தார். பிளாஸ்டரிலும் பான்ஷீயிலும் டார்ஸ் எனப்படும் பாதுகாப்பு அமைப்பு உண்டு. கட்டைவிரல் லீவர் விடப்பட்ட நிலையிலும் கார்புரேட்டரின் ஸ்லைடு திறந்தே மாட்டிக்கொண்டிருந்தால், அது பொறியை வெட்டி எஞ்சினை அடக்கும். திராட்டில் கேபிள் தளர்ந்திருந்தாலோ அதன் சுவிட்ச் ஒன்று கெட்டிருந்தாலோ, ஸ்லைடு சரியாக இருக்கும்போதும் அது வெட்டத் தொடங்கும். கேபிளின் ஆட்டத்தை மேனுவலில் உள்ளபடி சரிசெய்துவிட்டுப் பாருங்கள். பார்க்கிங் பிரேக் முழுதும் விடுபட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள், ஏனெனில் அதன் சுவிட்சும் வேகத்தைக் கட்டுப்படுத்தும்.

எஞ்சினைக் காப்பதற்காகக் கூடுதலாக ஆயில் கலக்கலாமா என்று வேறு இருவர் கேட்டிருந்தார்கள். 32 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயில், அதாவது 32-க்கு 1 என்றால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஏறத்தாழ 31 மில்லி, 40-க்கு 1 என்றால் 25 மில்லி. ஒரே ஜெட்டின் வழியாக ஆயில் கூடுதலாகப் போனால் பெட்ரோல் அந்த அளவு குறைவாகத்தான் போகும்; கலவை ரிச் ஆவதற்குப் பதில் லீன் பக்கம் சாயும். ஒரு விகிதத்தைத் தேர்ந்து, அதற்கே ஜெட்டை அமைத்து, பிறகு மாற்றாதீர்கள். அளவுக்கு அடையாளமிட்ட கலவைப் பாத்திரம் ஒன்றை இதற்கென்றே ஒதுக்கிவைத்துக்கொள்ளுங்கள். பாட்டில் மூடியால் அளக்கும் வழக்கம் வேண்டாம்.