விண்கல அணு மின்பிறப்பாக்கி மாதிரி: கொதிநீரும் மீன் ஐஸும் போதும்

புளூட்டோனியம்-238 தானாகச் சிதைந்து சூடாகிறது. அந்தச் சூட்டுக்கும் வெளிக்குளிருக்கும் நடுவே வைத்த வெப்பவிணைகள் (இரு வேறு கடத்திகளின் இணைப்புகள்) மின்சாரம் தருகின்றன. செவ்வாய்க்குப் போன கியூரியோசிற்றி ஊர்தியில் 4.8 கிலோ புளூட்டோனியம் ஒட்சைட்டு ஏறத்தாழ 2000 வாற் வெப்பம் தந்தது. மின்னாக வந்தது சுமார் 110 வாற். விஞ்ஞானக் கண்காட்சிக்கு இதே தத்துவத்தைக் கொதிநீரில் காட்டலாம்.

தேவையானவை: ஒரே தடிப்புள்ள இரண்டு டி.ஈ.சி.1-12706 பெல்ரியர் தகடுகள் (உள்ளே வெப்பவிணைகள் நிறைந்தவை), பழைய அம்ப்ளிஃபையரில் கழற்றிய அகன்ற ஹீட்சிங்க், அடி தட்டையான அலுமினியச் சட்டி, வெப்பப் பசை, சிவப்பு எல்.ஈ.டி, மல்ரிமீற்றர், ரெஜிபோம்.

தட்டத்தில் ஐஸ்தண்ணீர் விட்டு, ஹீட்சிங்கின் செதில்கள் அதில் அமிழ, தட்டை முகம் மேலே தெரிய வையுங்கள். திருகோணமலையில் குழாய்த்தண்ணீரே வெதுவெதுப்பு, அதை நம்பவேண்டாம். மீன் பெட்டிக்குப் போடும் ஐஸ் 2 கிலோ வாங்குங்கள். தகடுகளின் இரு முகத்திலும் பசையை மெல்லிசாகத் தடவி, எழுத்துள்ள முகம் இரண்டிலும் ஒரே பக்கம் பார்க்க, ஹீட்சிங்கின் தட்டை முகத்தில் அருகருகே வையுங்கள். ஒன்றின் சிவப்பு வயரை மற்றதன் கறுப்போடு இணையுங்கள். மிஞ்சும் இரு வயர்களில் மல்ரிமீற்றரையும் எல்.ஈ.டியையும் பொருத்துங்கள். தகடுகளைச் சுற்றியுள்ள இடைவெளியை ரெஜிபோமால் அடைத்து, சட்டியை மேலே வைத்து, 1 லீற்றர் கொதிநீர் ஊற்றுங்கள். அந்தப் பாரமே அழுத்தம். இரும்பு ஆணி போட்டு இறுக்கினால் ஆணி வழியே சூடு கீழே இறங்கும், தகடும் வெடிக்கும்.

இணைத்த இரண்டிலும் சேர்த்து 2 வோல்ற்றுக்கு மேல் வந்தால் எல்.ஈ.டி எரியும். பூச்சியத்துக்குக் கிட்ட நின்றால் ஒரு தகடு தலைகீழ். இரண்டும் ஒன்றையொன்று அழிக்கின்றன. முதலில் நன்றாக வந்து விரைவில் விழுந்தால், சுடுநீர் ஆறியதா, ஐஸ் தீர்ந்ததா என்று இரண்டையும் பாருங்கள். மின்னைத் தருவது சூடல்ல, சூட்டின் வித்தியாசம். கன்னியா வெந்நீரூற்றில் நீர் ஏறத்தாழ 40 பாகைதான். ஐஸ் இல்லாமல் அதை ஊற்றினால் எல்.ஈ.டி கண் திறக்காது. மெழுகுதிரியும் வேண்டாம்: மலிவுத் தகடுகளின் பற்றாசு 138 பாகையில் உருகிவிடும். கடற்காற்றில் ஓரங்கள் துருவேறும். சிலிக்கோன் பூசி வையுங்கள்.

5 நிமிடத்துக்கு ஒருமுறை வோல்ற்றளவைக் குறித்து வரைபு கீறுங்கள். பக்கத்தில் வொயேஜர் விண்கலத்தின் கணக்கை எழுதுங்கள்: 1977இல் சுமார் 470 வாற், புளூட்டோனியம்-238 பாதியாகக் குறையும் அரைவாழ்வுக்காலம் 87.7 ஆண்டு. சிதைவை மட்டும் பார்த்தால் 48 ஆண்டில் 320 வாற் அளவு மிஞ்சவேண்டும். உண்மையில் அதைவிடக் குறைவு, வெப்பவிணைகளும் தேய்கின்றன. ஆண்டுக்குச் சுமார் 4 வாற் போகிறது.

பலகையில் ‘அணு உலை’ என்று எழுதினால் நடுவர் பிடித்துவிடுவார். இதில் அணுப்பிளவும் இல்லை, தொடர்தாக்கமும் இல்லை. கூடங்குளம் போன்ற உலைகளில் யுரேனியம் பிளந்து, நீரை ஆவியாக்கிச் சுழலியைச் சுற்றுகிறது. விண்வெளிக்கான உலையும் உண்டு: 2018இல் நெவாடாவில் சோதித்த கிரஸ்ரியில் யுரேனியம்-235இன் சூடு ஸ்ரேர்லிங் இயந்திரத்தை ஓட்டியது. நம் புல்மோட்டை மணலிலுள்ள சேர்க்கனையும் சொல்லலாம்: எரிபொருட்கோல்களின் உறை சேர்க்கோனியம், அது கிடைப்பது இக்கனிமத்திலிருந்து. ஆனால் கூடவே வரும் ஹாஃப்னியம் நியூத்திரன்களை விழுங்கும். அதைப் பிரித்தெடுத்த பிறகே உறையாகும்.