ஏற்காட்டு இலை, மொட்டை மாடிப் பூ: தோழிக்கு ஒரு நினைவு அட்டை செய்வது எப்படி?

ஓசூரில் இருக்கும் என் பள்ளித் தோழியின் பீரோக் கதவில் ஓர் அட்டை ஒட்டியிருக்கிறது. ஏற்காட்டில் பொறுக்கிய ஒரு சில்வர் ஓக் இலை, சேலத்தில் எங்கள் மொட்டை மாடியில் பூத்த இரண்டு சங்குப்பூ, கீழே மூன்று வரி. போன பங்குனியில் நான் அனுப்பியது. கையில் கிடைத்த அன்றே போன் பண்ணி முக்கால் மணி நேரம் பேசினாள். பத்தாம் வகுப்பில் இரண்டு பேரும் ஏற்காடு பஸ்ஸில் போனது, 20 கொண்டை ஊசி வளைவுகளையும் எண்ணிக்கொண்டே போய் 14-வதில் அவளுக்குத் தலை சுற்றியது, எல்லாம் அந்த ஓர் இலையிலிருந்து கிளம்பி வந்தன.

அதற்கப்புறம் எனக்கும் ஒன்று அனுப்பு என்று நாலைந்து பேர் கேட்டார்கள். செய்து அனுப்புவதைவிடச் சொல்லிக்கொடுப்பது நல்லது என்று தோன்றியது. பூவைப் பாடம் செய்து, அதாவது தாளுக்கு நடுவே அழுத்திக் காயவைத்து, பழக்கமே இல்லாதவர்களும் இதைப் பார்த்துச் செய்யலாம்.

படி 1: மலையில் எதை எடுக்கலாம், எதைத் தொடக் கூடாது

இதைத்தான் முதலில் படிக்க வேண்டும். மாசி, பங்குனியில் ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் ஒரு நல்ல மழை விழுந்தால், ஒன்பது பத்து நாளில் காப்பித் தோட்டம் முழுக்க வெள்ளையாகப் பூத்துவிடும். மல்லிகை போல வாசம். இரண்டு மூன்று நாளில் எல்லாம் வாடிவிடும். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்த செடி, இன்றும் அந்த மலையின் வாழ்வாதாரம். அந்தப் பூவைத் தயவுசெய்து பறிக்காதீர்கள். ஒவ்வொரு பூவும் மார்கழியில் ஒரு பழம். அது யாரோ ஒருவரின் வருமானம். பறித்துப் பாடம் செய்தாலும் வெள்ளைப் பூ பழுப்பாகிவிடும். காப்பிப் பூவை அட்டையில் வார்த்தையாகத்தான் கொண்டுவர வேண்டும், அது எப்படி என்று பின்னால் சொல்கிறேன்.

ஆர்க்கிட் எங்கே கண்ணில் பட்டாலும் கை வைக்காதீர்கள். பார்க்க ஆசை இருந்தால் இந்தியத் தாவரவியல் மதிப்பாய்வு நிறுவனத்தின் ஆர்க்கிட் தோட்டம் ஏற்காட்டிலேயே இருக்கிறது. காப்புக் காட்டுக்குள்ளும் எதையும் பறிக்க வேண்டாம்.

பிறகு எதை எடுப்பது? சாலை ஓரத்தில் தானாக விழுந்ததை எடுங்கள். காப்பிக்கு நிழலுக்காகவும் மிளகுக்கொடி ஏறவும் சில்வர் ஓக் மரங்களை வரிசையாக நட்டிருப்பார்கள். அதன் இலை மேலே பச்சை, அடியில் வெள்ளி. பெரணி போல வெட்டு வெட்டாக இருக்கும். காய்ந்து சுருண்டதை விட்டுவிட்டு, அன்றைக்கு விழுந்து இன்னும் வளைகிற இலையாகப் பாருங்கள். ஜகரண்டா பூத்திருந்தால் மரத்தடியில் ஊதாப் பூ கொட்டிக் கிடக்கும். நிறம் கொஞ்சம் மங்கும், ஆனாலும் நன்றாக வரும்.

ஒரு பழைய நீள நோட்டும் ரப்பர் பேண்டும் கையில் இருக்கட்டும். எடுத்த இடத்திலேயே பக்கங்களுக்கு நடுவே விரித்து வைத்து மூடிவிட வேண்டும். மலையடிவாரத்தில் இருக்கும் கோரிமேட்டுக்கு இறங்கி வருவதற்குள் வெயிலில் துவண்டுவிடும். அதே பக்கத்தில் பென்சிலால் இடமும் தேதியும் எழுதுங்கள். வீட்டுக்கு வந்து எழுதலாம் என்று விட்டால் எது எங்கே எடுத்தது என்று குழம்பிவிடும்.

படி 2: வீட்டுப் பூ

சங்குப்பூ, காகிதப்பூ, காஸ்மாஸ், இட்லிப்பூக் கொத்திலிருந்து தனித்தனிப் பூ. இவை தொடக்கக்காரர்களுக்கு ஏற்றவை. நிறம் நிற்பதில் காகிதப்பூவை எதுவும் மிஞ்சாது. சித்திரையில் சரக்கொன்றை இதழும், ஒரு சிறு வேப்பம்பூக் கொத்தும் கிடைத்தால் விடாதீர்கள். சேலத்து இளவேனில் என்றால் எனக்கு வேப்பம்பூ வாசம்தான். செம்பருத்தி வேண்டாம், அதன் கொழகொழப்பு தாளோடு ஒட்டிக்கொள்ளும். சாமந்தியை முழுசாக வைக்காமல் இதழ் இதழாகப் பிரித்து வையுங்கள்.

காலை எட்டு, ஒன்பது மணிக்குப் பறியுங்கள். பனியும் நீங்கள் ஊற்றிய தண்ணீரும் காய்ந்திருக்க வேண்டும், வெயில் ஏறியிருக்கக் கூடாது.

படி 3: பாடம் செய்வது

பழைய செய்தித்தாள் போதும். வழவழப்பான வார இதழ்த் தாள் ஆகாது. முதல் முறை நான் அதில்தான் வைத்தேன், பிளாஸ்டிக் பையிலும் சுற்றினேன். ஐந்தாம் நாள் திறந்தால் எல்லாம் கறுப்புப் பூஞ்சணம். ஈரம் வெளியே போக வழியில்லை, அவ்வளவுதான் காரணம்.

நாலு தாள், மேலே பூ ஒன்றையொன்று தொடாமல், மறுபடி நாலு தாள். இப்படி அடுக்கி, இரண்டு பலகைக்கு நடுவே வைத்து மேலே கனம் ஏற்றுங்கள். எங்கள் வீட்டில் சும்மா கிடந்த அம்மிக்கல்லுக்கு இப்போது இதுதான் வேலை. முதல் மூன்று நாள் தினமும் தாளை மாற்றுங்கள், அப்புறம் ஒரு நாள் விட்டு ஒரு நாள். பங்குனி, சித்திரை வெயிலில் எட்டு முதல் பத்து நாளில் காய்ந்துவிடும். ஐப்பசி மழையில் மூன்று வாரம்கூட ஆகும்.

காய்ந்ததா என்று பார்க்க, பூவைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். குளிர்ச்சியாக இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது.

படி 4: ஒட்டுவது

கெட்டி சார்ட் அட்டையைத் தபால் உறைக்குள் அடங்கும்படி வெட்டுங்கள். தீக்குச்சி முனையில் ஃபெவிகாலைத் தொட்டு, பூவின் பின்பக்கம் இரண்டு மூன்று இடத்தில் மட்டும் வைத்து ஒட்டுங்கள். ஓர் இரவு புத்தகத்துக்கு அடியில் இருக்கட்டும். அட்டையின் வலது பாதியை வெறுமையாக விடுங்கள்.

படி 5: மூன்று வரி

பலர் இங்கேதான் அவசரப்படுகிறார்கள். “ஏற்காடு மிகவும் அழகு” என்று எழுதினால் பெறுகிறவருக்கு அதில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. எங்கே, எந்த நேரம், அப்போது காதிலும் மூக்கிலும் என்ன பட்டது, இவ்வளவு போதும். நான் எழுதியது இது:

“லேடீஸ் சீட் போகும் வழி, காலை ஏழு மணி. கீழே சேலம் தெரியவில்லை, முழுக்க மூடுபனி. காப்பிப் பூ வாசம் வந்தபோது உன் ரெட்டைச் சடை மல்லிகை ஞாபகம்.”

காப்பிப் பூவை இப்படித்தான் பறிக்காமல் அனுப்பினேன். கடைசியில் ஒரு கேள்வியும் சேர்த்துவிடுங்கள்: “உன் வீட்டில் இப்போது என்ன பூத்திருக்கிறது?” வலது பாதி அந்தப் பதிலுக்கான இடம்.

படி 6: தபால்

உறையில் போட்டு அனுப்புங்கள். இன்லேண்ட் லெட்டருக்குள் எதையும் வைக்க அனுமதி இல்லை. வெளிநாட்டில் இருப்பவர்களுக்குப் படம் எடுத்து அனுப்புவதே நல்லது, பல நாடுகளில் தாவரப் பொருள்களுக்குக் கட்டுப்பாடு உண்டு.

வைகாசியில் ஓசூர்த் தோழிக்கு நான் இன்னோர் அட்டை அனுப்பினேன். மூன்றாம் வாரம் அதே அட்டை திரும்பி வந்தது. வலது பாதியில் ஓசூர் ரோஜா இதழ் நான்கு, ஓரம் கொஞ்சம் கறுத்திருந்தது. கீழே அவள் கையெழுத்து: “மாடியில் பூத்தது, காலை ஆறரை. பால்காரர் மணிச் சத்தம். அடுத்த பங்குனிக்கு ஏற்காடு போகலாம், பஸ்ஸில் ஜன்னல் பக்கம் எனக்கு.”