நீச சூரியன் என்றதும் அப்பாவைத் தேடாதீர்கள்

போன ஐப்பசியில் என்னிடம் ஜோதிடம் படிக்கும் தம்பி ஒருவர் போன் செய்தார். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு வீட்டில் குழந்தை பிறந்திருக்கிறது, ஜாதகம் கணித்துக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்றார். குரலில் சந்தோஷம். அவர் தனியாகப் பார்த்த முதல் சில ஜாதகங்களில் அது ஒன்று.

"என்ன சொன்னீங்க தம்பி?"

"சூரியன் நீசமுங்க ஐயா. அப்பாவுக்கு ஆகாதுன்னு சொல்லிட்டனுங்க."

நீசம் என்றால் கிரகம் பலம் குறைந்து நிற்கும் ராசி. சூரியனுக்கு அது துலாம், ஐப்பசி மாதம். சூரியனை அப்பாவைக் காட்டும் கிரகம், பிதுர்காரகன், என்பார்கள். குடித்துக்கொண்டிருந்த காப்பியைக் கீழே வைத்துவிட்டேன். ஏறக்குறைய இதே வார்த்தைகளை முப்பது வருடத்துக்கு முன்னால் நான் சொல்லியிருக்கிறேன். அதனால்தான் ஜாதகம் பார்க்கப் புதிதாக வருபவர்கள் சூரியனை வைத்துச் செய்யும் தவறுகளைப் பற்றி இதை எழுதுகிறேன்.

லக்னத்தையும் ராசியையும் குழப்புவது, பத்திரிகையில் வரும் 'லியோ'வை நம் சிம்மத்தோடு ஒட்டுவது போன்றவற்றை இங்கே எடுக்கவில்லை. ஒரு தடவை திருத்தினால் அவை சரியாகிவிடும்.

'ர' என்றால் ராகு இல்லை

நான் இருப்பது பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர். ஆந்திரத்துச் சித்தூர் இல்லை. இங்கே ஒரே தெருவில் தமிழ் ஜாதகமும் வரும், மலையாள ஜாதகமும் வரும். கட்டம் ஒன்றுதான், எழுத்துதான் வேறு. மலையாளக் கட்டத்தில் 'ர' என்றால் ரவி, அதாவது சூரியன். ராகுவுக்குச் சர்ப்பன் என்று 'ஸ' போடுவார்கள். 'ம' மந்தன், நம் சனி. 'மா' மாந்தி என்ற உபகிரகம். செவ்வாய்க்குக் குஜன் என்று 'கு' எழுதுவார்கள். அவர்களுக்கு குஜனின் கு வேறு, குருவின் கு வேறு எழுத்து. நமக்கு இரண்டும் ஒரே எழுத்து. மலையாளம் வாசிக்கத் தெரியாமல் இந்த ஊரில் ஜாதகம் பார்க்க உட்காராதீர்கள். சூரியன் நிற்கும் வீட்டில் ராகுவை வைத்துப் பலன் சொன்னவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஆறு மணிக்கு விடிந்துவிடாது

பழைய ஜாதகங்களில் பிறந்த நேரம் உதயாதி நாழிகையில் இருக்கும், சூரியன் உதித்ததிலிருந்து எத்தனை நாழிகை என்று. புதிதாக வருபவர்கள் உதயத்தை ஆறு மணி என்று வைத்துக்கொண்டு கூட்டுகிறார்கள். இந்திய நேரத்துக்கு அடிப்படை 82.5 பாகைத் தீர்க்கரேகை. பாலக்காடு இருப்பது ஏறக்குறைய 76.65-இல். பாகைக்கு நான்கு நிமிஷம் என்றால் நாம் 23 நிமிஷம் பின்னால் இருக்கிறோம். கிட்டத்தட்ட ஒரு நாழிகை. ஜனவரி கடைசியில் இங்கே உதயம் 6.45-ஐத் தாண்டும். அந்த நாட்களில் காலை 6.20-க்குப் பிறந்த குழந்தை நம் கணக்கில் முந்தின நாள் இரவில் பிறந்த குழந்தை. கிழமையே மாறிவிடும். சென்னைக்குப் போட்ட பஞ்சாங்கத்தை அப்படியே எடுத்தாலும் கால் மணி நேரம் உதைக்கும்.

பகல் பிறப்பா, இரவு பிறப்பா என்பது ஏன் முக்கியம் என்று கேட்பீர்கள். அடுத்ததில் வருகிறது.

சூரியன் நீசம், அதனால் அப்பாவுக்கு ஆகாது

1994 ஐப்பசி. தீபாவளிக்கு ஒரு வாரம் இருந்தது. பொள்ளாச்சியிலிருந்து ஒரு பாட்டி வந்தார். மகளை மீனாட்சிபுரத்தில் கட்டிக் கொடுத்திருந்தார். தலைப்பிள்ளை, ஆண் குழந்தை, இரவு 9.40-க்குப் பிறந்தது. எனக்கு அப்போது இருபத்தாறு வயது. கட்டத்தைப் போட்டேன். துலாத்தில் சூரியன், அதுவும் பத்தாம் பாகையை ஒட்டி. மேஷத்தில் பத்தாம் பாகை சூரியனுக்குப் பரம உச்சம், துலாத்தில் அதே பத்தாம் பாகை பரம நீசம் என்பது முதல் மாதப் பாடம். கூடவே ராகு வேறு. அதற்கு மேல் நான் பார்க்கவில்லை.

"பிதுர்காரகன் கெட்டிருக்கானுங்க பாட்டி. அப்பாவுக்கு ஆகாது. அஞ்சு வயசு வரைக்கும் தள்ளி வெச்சு வளர்த்துங்க" என்றேன்.

அவர்கள் அப்படியே செய்தார்கள். இந்தத் தொழிலில் பயப்பட வேண்டியது அதற்குத்தான். நாம் சொல்வதை ஜனங்கள் செய்துவிடுவார்கள்.

குழந்தை பொள்ளாச்சியிலேயே வளர்ந்தது. அப்பா முதல் தடவை பார்க்க வந்தபோது நேராகப் பார்க்க விடவில்லை. வெண்கலக் கிண்ணத்தில் நல்லெண்ணெய் ஊற்றி, பாட்டி குழந்தையை அதன் மேல் சாய்த்துப் பிடித்துக்கொண்டார். அப்பா குனிந்து எண்ணெயில் தெரிந்த முகத்தைப் பார்த்தார். பிள்ளை கையை ஆட்டியதில் எண்ணெய் அலம்பி முகம் கலைந்துவிட்டதாம். எண்ணெய் அசையாமல் நிற்கும் வரை அவர் குனிந்தபடியே இருந்தாராம்.

இதை அவரே என்னிடம் சொன்னார். 2000 ஆவணியில் தேடி வந்தார். சண்டைக்கு வரவில்லை. அவருக்கு இடையில் ஒரு காய்ச்சல்கூடப் பெரிதாக வந்ததில்லை. தென்னந்தோப்பைக் குத்தகைக்கு எடுத்து நன்றாகவே இருந்தார். "பையன் வீட்டுக்கு வந்து பத்து மாசமாச்சுங்க. கூப்பிட்டா அவங்கம்மா சேலைக்குப் பின்னாடி போய் நின்னுக்கறான். இன்னும் ஏதாச்சும் தோசம் பாக்கி இருக்குதுங்களா?" என்று கேட்டார்.

அன்று ராத்திரி அந்தக் கட்டத்தை மறுபடியும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பிருகத் ஜாதகம் எழுதிய வராகமிகிரர் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்: பகலில் பிறந்தவருக்கு அப்பாவைக் காட்டுவது சூரியன், அம்மாவைக் காட்டுவது சுக்கிரன். இரவில் பிறந்தவருக்கு அப்பா சனி, அம்மா சந்திரன். இரவுப் பிறப்பில் சூரியன் அப்பாவின் கூடப்பிறந்தவரைத்தான் காட்டும். அந்தப் பிள்ளை பிறந்தது இரவு 9.40-க்கு. மிதுன லக்னம், அதாவது அந்த நேரத்தில் கிழக்கே உதித்த ராசி மிதுனம். அதிலிருந்து எண்ணினால் அப்பாவுக்கு உரிய ஒன்பதாம் வீடு கும்பம், அதன் அதிபதி சனி, அந்தச் சனி கும்பத்திலேயே, சொந்த வீட்டில் ஆட்சி. அப்பாவைப் பார்க்க வேண்டிய இரண்டு வழியிலும் சனி பலமாக உட்கார்ந்திருக்கிறது. சரி, சூரியனையாவது ஒழுங்காகப் பார்த்தேனா? துலாத்தின் அதிபதி சுக்கிரன் அதே துலாத்தில், சூரியனுக்குப் பக்கத்தில். சந்திரன் கடகத்தில். சந்திரனுக்கு நான்காம் வீட்டில், கேந்திரத்தில் சுக்கிரன் என்றால் அது நீசபங்கம், நீசத்தின் கெடுதல் நீங்கிவிடும். குருவும் அங்கேயேதான். எல்லாம் கண்ணெதிரே இருந்தது. நீசம் என்ற ஒரு சொல்லைப் பார்த்ததும் மற்ற கிரகங்களை நான் பார்க்கவே இல்லை.

கணக்கை விடுங்கள். அதைவிட ஆழமான தவறு வேறு. ராசிச் சக்கரத்தையே உடலாகக் கொண்ட காலபுருஷனுக்குச் சூரியன் ஆத்மா, சந்திரன் மனம் என்பதுதான் முதல் பாடம். ஆத்மாவில் தொடங்கித்தான் மற்றதெல்லாம். அரசன், எலும்பு, கண், செம்பு, கோதுமை என்று நீளும் வரிசையில் அப்பாவும் ஒருவர். நமக்குப் பெயரும் குலமும் தந்தவர் என்பதால் அந்த இடம். நீசம் என்றதும் அந்த வரிசையில் அப்பாவை மட்டும் ஏன் பிடித்து இழுக்கிறோம்? கோதுமை என்றால் யாரும் கலங்க மாட்டார்கள். அப்பா என்றால் வீடே கலங்கும். பயமுறுத்த எது சுலபமோ அது நாக்கில் முதலில் வந்துவிடுகிறது. எனக்கும் அப்படித்தான் வந்தது.

துலாத்துக்கு நூல்கள் சொல்லும் உருவத்தை நினைத்துப் பாருங்கள். கடைத்தெருவில் தராசு பிடித்து நிற்கும் மனிதன். அங்கே அரசன் வந்து நிற்கிறான். அரண்மனையில் அவன் சொன்னதுதான் எடை. கடைத்தெருவில் தட்டு எந்தப் பக்கம் சாய்கிறது என்று அவனும் காத்திருந்து பார்க்க வேண்டும். நீச சூரியனை நான் இப்போது இப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன்: 'நான்' என்பது இன்னொருவர் முன்னால் இறங்கி நிற்கிற இடம். சூரியன் மேஷத்தில் நுழைந்ததும் இங்கே விஷுக்கணி வைக்கிறோம் இல்லையா, உருளியில் கொன்றைப்பூ, வெள்ளரிக்காயோடு வால்கண்ணாடியும் இருக்கும். கண்ணைத் திறந்ததும் கணியோடு சேர்ந்து நம் முகத்தையும் பார்க்கிறோம். உச்ச வீடு அது. ஆறு மாதம் கழித்து அதற்கு நேர் எதிர் வீட்டில், மற்றவர் முகத்தைப் பார்க்க வேண்டிய இடத்தில் சூரியன் நிற்கிறது. இந்த அமைப்பில் பிறந்தவர்கள் தங்களைப் பற்றி முடிவெடுக்கத் தயங்குவார்கள், பிறர் பாராட்டுக்கு ஏங்குவார்கள், நியாயம் பேச உட்கார்ந்தால் இரண்டு பக்கமும் கேட்பார்கள். சொல்ல வேண்டியது அதைத்தான். அதில் சாவு எங்கே வந்தது?

இன்னொன்றும் யோசிக்க வேண்டும். தீபாவளி அமாவாசையில் சூரியன் எப்போதும் துலாத்தில்தான். மயிலாடுதுறையில் காவிரித் துலா ஸ்நானம் இந்த மாதம். பாலக்காட்டுக் கல்பாத்தியில் தேர் ஓடுவது இந்த மாதக் கடைசியில். பிற்பகலானால் துலாவர்ஷ மேகம் வந்து வெயிலை மூடிவிடும், இடி இடிக்கும். அப்படியும் தேர் வீதியில் ஜனம் குறையாது. சூரியன் இறங்கியிருக்கும் மாதம் என்று நம் பெரியவர்கள் எதையும் நிறுத்தவில்லை.

தம்பியிடம் கேட்டேன். குழந்தை பிறந்தது பகலா, இரவா? பார்க்கவில்லை. ஒன்பதாம் அதிபதி எங்கே? பார்க்கவில்லை. மொபைலில் சிவப்பு எழுத்தில் 'பிதுர் தோஷம்' என்று வந்திருக்கிறது, அதைப் படித்துச் சொல்லியிருக்கிறார். எனக்கு வந்த கோபம் இன்னும் முழுதாக அடங்கவில்லை. மறுநாள் காலையே அந்த வீட்டுக்கு நேரில் போகச் சொன்னேன். குழந்தையின் அப்பாவை உட்கார வைத்து, தவறாகச் சொல்லிவிட்டேன் என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லச் சொன்னேன்.

"பேரு கெட்டுருமுங்களே ஐயா" என்றார்.

கெடட்டும் என்றேன்.

போனார். சாயங்காலம் வந்து, "அப்பா பிள்ளையத் தூக்கிட்டாருங்க" என்று மட்டும் சொன்னார்.

புதன் எரிந்துவிட்டது என்பது

சூரியனை நெருங்கிய கிரகம் எரிந்து பலம் இழந்துவிடும் என்பார்கள். புதன் சூரியனை விட்டு 28 பாகைக்கு மேல் விலகாது. இரண்டும் சேர்ந்து நிற்பது சாதாரணம். அதை வைத்துப் படிப்பு வராது என்று ஒரு பிள்ளையின் அம்மாவிடம் சொல்லாதீர்கள்.

தேதியைப் பாகையாக எடுப்பது

ஐப்பசி 10 என்றால் சூரியன் சரியாகப் பத்தாம் பாகை என்று எழுதிவிடுகிறார்கள். மார்கழிக்கு 29 நாள் வரும், ஆனிக்கு 32 நாள்கூட வரும், ராசிக்கு என்றும் 30 பாகைதான். எல்லையில் இன்னொரு சிக்கலும் உண்டு. சங்கிரமம், அதாவது சூரியன் அடுத்த ராசிக்குள் நுழைவது, அன்று சூரியன் மறைவதற்குள் வந்தால் தமிழ்க் கணக்கில் அன்றே மாதப் பிறப்பு. மலையாளக் கணக்கில் நடுப்பகல் தாண்டிக் கொஞ்ச நேரத்துக்குள் வர வேண்டும், இல்லையென்றால் மறுநாள்தான். அதனால் சில வருடம் ஆவணி 1 ஒரு நாள், சிங்ஙம் 1 மறுநாள். மாதத் தேதியை விட்டுவிட்டு, சங்கிரமம் நடந்த நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

மாணிக்கம்

சூரியனுக்கு உரிய கல் என்று உடனே போடச் சொல்லாதீர்கள். லக்னத்துக்குச் சூரியன் எந்த வீட்டுக்கு அதிபதி என்று பார்க்காமல் கல் எழுதிக் கொடுப்பதும், நோய் தெரியாமல் மருந்து எழுதுவதும் ஒன்று. வந்தவர் ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்றால், காலையில் கிழக்கே பார்த்துச் செம்புச் சொம்பில் தண்ணீர் எடுத்து விடச் சொல்லுங்கள். நம் பக்கம் சித்திரையில் குடிக்கவே லாரித் தண்ணீர்தான் வரும். அப்போது ஒரு கை அளவு போதும்.