வெளிச்சத்தைக் காதால் கேட்க ஒரு சோலார் பேனல் போதும்

எங்கள் வீட்டு ட்யூப் லைட்டின் சுருதி ஐந்து கட்டைக்குக் கொஞ்சம் மேலே. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நம் ஊர் கரண்ட் நொடிக்கு 50 சைக்கிள், ஒவ்வொரு சைக்கிளிலும் வெளிச்சம் இரண்டு தடவை கூடும், அதனால் பழைய சோக் வைத்த ட்யூப் லைட் நொடிக்கு 100 தடவை கூடிக் குறைகிறது, கண்ணுக்குத்தான் தெரிவதில்லை. சின்ன சோலார் பேனலை ஸ்பீக்கரில் மாட்டி அதன் கீழே பிடித்தால் 'ம்ம்ம்' என்று கேட்கும். ஒலி-ஒளி நிகழ்ச்சி என்று நடக்கிற பலவற்றில் பாட்டு ஒரு பக்கம் ஓடும், அதற்குத் தகுந்தபடி விளக்கு இன்னொரு பக்கம் மின்னும். இதில் வெளிச்சமேதான் சத்தம். அதனால்தான் எனக்கு இது பிடிக்கிறது.

தேவையானவை: 6 வோல்ட் பேனல், 3.5 எம்எம் பின் வைத்த ஒயர், 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர், 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், ஆக்ஸ் உள்ள ஒரு ஸ்பீக்கர். ரெசிஸ்டரைப் பேனலின் ப்ளஸ், மைனஸ் இரண்டுக்கும் குறுக்கே வையுங்கள். ப்ளஸ்ஸிலிருந்து கெபாசிட்டர் வழியாகப் பின்னின் நுனிக்கு (கெபாசிட்டரின் ப்ளஸ் கால் பேனல் பக்கம்), மைனஸ் நேராகப் பின்னின் அடிப்பகுதிக்கு. ஸ்டீரியோ பின் என்றால் நுனியையும் நடு வளையத்தையும் சேர்த்துப் பற்றவைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஒரு பக்கம்தான் கேட்கும். வால்யூமைக் குறைத்து வைத்துவிட்டு ஆன் செய்யுங்கள்.

வெயிலில் காட்டினால் சத்தமே வராது. பயப்பட வேண்டாம், ஒரே அளவில் நிற்கிற வெளிச்சம் பேசாது, கூடிக் குறைந்தால்தான் பேசும். 1880ல் கிரஹாம் பெல்லும் அவருடைய உதவியாளர் டெயின்டரும் வாஷிங்டனில் செய்ததும் இதுதான்: குரலுக்கு அதிரும் கண்ணாடியில் சூரிய ஒளியைப் பட வைத்து, சுமார் 213 மீட்டர் தள்ளி வெளிச்சத்துக்கேற்ப மின்சாரத்தைக் கூட்டிக் குறைத்துக் கடத்தும் செலீனியத்தில் வாங்கிக் கேட்டார்கள். டிவி ரிமோட்டைக் காட்டிப் பாருங்கள், டர்ர்ர் என்னும். திருவிழா சீரியல் லைட்டுக்கு மட்டும் ஒரு மாலை முழுக்க ஒதுக்கலாம், மோடு மாற்ற மாற்றத் தாளமும் மாறும்.

அடுத்து சுருதியை நம் கைக்குக் கொண்டுவர வேண்டும். சிடி அளவு வட்டத்தில் இரண்டு வளையங்கள் வரையுங்கள்: உள்ளே 20 கறுப்புக் கட்டம், வெளியே 30, ஒவ்வொரு கறுப்புக்கும் அடுத்து அதே அகலத்தில் ஒரு வெற்றிடம். ஓஹெச்பி ஷீட்டில் (கண்ணாடி மாதிரித் தெரியும் பிளாஸ்டிக் தாள்) பிரிண்ட் எடுத்து இரண்டு தாளை ஒன்றன் மேல் ஒன்று ஒட்டுங்கள், ஒற்றைத் தாளின் கறுப்பில் வெளிச்சம் கசியும். அதைச் சின்ன டிசி மோட்டாரில் மாட்டி ஒரு பக்கம் டார்ச், மறுபக்கம் பேனல். நொடிக்கு 22 சுற்று சுற்றினால் உள்வளையம் 440 ஹெர்ட்ஸ், வெளிவளையம் 660, அதாவது ஸ, ப. மோட்டார் வேகத்தைக் கூட்டினால் சுருதி ஏறும், ஆனால் ஸ-ப உறவு மாறவே மாறாது.

முதல் தடவை எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை. ஒயரைப் பிரித்து மறுபடி பற்றவைத்து ராத்திரி பதினொரு மணி வரை மல்லுக்கட்டிய பிறகுதான் புரிந்தது: டார்ச் வட்டு முழுவதையும் நிறைத்திருந்தது, எப்போது பார்த்தாலும் ஒரே அளவு வெளிச்சம்தான் அந்தப் பக்கம் போகிறது, அப்புறம் எங்கே சத்தம்? அட்டையில் ஒரு கட்டத்து அகலத்துக்கு மெல்லிய கீறல் வெட்டி நடுவில் வைத்தேன். உடனே பாடியது.

மக்கள் முன்னால் செய்யும்போது பேனலை மேடையில் ஒளித்து வைக்காதீர்கள். பிரிட்டிஷ் கலைஞர் லிஸ் ரோட்ஸ் 1975ல் செய்த 'லைட் மியூசிக்' என்ற படைப்பில் இரண்டு 16 எம்எம் ப்ரொஜெக்டர்கள் எதிரெதிரே ஓடும், படத்தின் கோடுகளே ஃபிலிம் ஓரத்து ஒலித்தடத்திலும் ஓடிச் சத்தமாகும், பார்வையாளர்கள் நடுவே புகைக்குள் நடப்பார்கள். நீங்களும் டார்ச்சுக்கும் வட்டுக்கும் இடையில் ஒரு முழம் இடம் விடுங்கள், யாராவது கையை நீட்டி மறைப்பார்கள், சத்தம் அடங்கும், அதன் பிறகு அவர்களை அங்கிருந்து கிளப்புவது கஷ்டம்.

ஒன்று மட்டும் கறாராக: மோட்டார் மெதுவாகக் கிளம்பும்போது சுவரில் வெளிச்சம் வெட்டி வெட்டி அடிக்கும், வலிப்பு உள்ளவர்களுக்கு அது ஆபத்து. வாசலிலேயே பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள்.