ராயபுரம் குடோனுக்கு ஒரு கதவுச் சத்தம்: ஸ்டாக் ஒலியை முறையாக எடுத்து நம்மூர் ஒலியாக்குவது எப்படி

எங்கள் தெருத் தம்பி ஒருவன் ஃபோனில் ஓடும் சின்ன கேம் ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறான். கதை நடப்பது ராயபுரத்தில், ரயில்வே லைனை ஒட்டிய ஒரு பழைய குடோனில். விளையாடிப் பார்க்கச் சொன்னான். கதவைத் தொட்டேன். துருப்பிடித்த இரும்புக் கதவு, விண்கலத்துக் கதவு போல "ஷ்ஷ்ஷ்... டக்" என்று திறந்தது.

"டூம் கேம்ல வர்ற கதவுண்ணா. அந்த ஃபைலைப் பிரிச்சு எடுத்தேன். செமையா இருக்குல்ல?"

சத்தம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது டூமுக்காகப் பிறந்த சத்தம் இல்லை. 1993-ல் அந்த கேமுக்கு இசையும் ஒலியும் அமைத்த பாபி பிரின்ஸ், பல சத்தங்களை சவுண்ட் ஐடியாஸ் என்ற கனடா நிறுவனத்தின் 6000 வரிசை சிடிக்களிலிருந்து எடுத்தார். கதவும் அதில் ஒன்று. அதே சிடிக்களை டிவிக்காரர்களும் சினிமாக்காரர்களும் வாங்கியிருந்ததால், அந்தக் கதவு இன்றுவரை எங்கெங்கோ திறந்துகொண்டிருக்கிறது. வில்ஹெம் அலறல் இதற்கு மூத்தது. 1951-ல் ஒரு படத்தில் முதலை கடிக்கும் காட்சிக்காகப் பதிவான அலறல் அது. 1977-ல் ஸ்டார் வார்ஸுக்கு ஒலி வடிவமைத்த பென் பர்ட் பழைய சேகரிப்பிலிருந்து அதைத் தூசி தட்டி எடுத்தார். அதன் பிறகு நூற்றுக்கணக்கான படங்களில் அலறிவிட்டது.

ஆக, ஒரே சத்தத்தைப் பலர் பயன்படுத்துவது திருட்டு இல்லை, சோம்பேறித்தனமும் இல்லை. இந்தத் தொழில் நடப்பதே அப்படித்தான். இப்படிப் பலரும் எடுத்துக்கொள்ளத் தயாராகப் பதிவு செய்து வைத்திருப்பதுதான் ஸ்டாக் ஒலி, அதன் தொகுப்புதான் லைப்ரரி. லைப்ரரியில் உரிமம் வாங்கி எடுத்தால் சரி. இன்னொருவர் கேமைப் பிரித்து எடுத்தால் தப்பு. காதுக்குக் கேட்பது இரண்டிலும் ஒரே சத்தம்தான் என்பதால் புதியவர்கள் இங்கேதான் குழம்புகிறார்கள். தம்பியோடு உட்கார்ந்து அந்தக் கதவை மறுபடி செய்தோம். செய்தபடியே எழுதுகிறேன். தேவையானவை: ஒரு ஃபோன், ஒரு ஹெட்ஃபோன், கணினியில் ஆடாசிட்டி. ஆடாசிட்டி ஒலியை வெட்டி ஒட்டும் மென்பொருள், இலவசம்.

படி 1: சத்தத்தைத் துண்டு துண்டாக எழுதுங்கள்

"கதவுச் சத்தம்" என்று தேடினால் ஆயிரம் வரும், எதுவும் பொருந்தாது. தேடுவதற்கு முன் கண்ணை மூடி, அந்தக் கதவு திறக்கும்போது என்னென்ன நடக்கிறது என்று யோசியுங்கள். எங்கள் குடோனுக்கு மூன்று கிடைத்தன: தாழ்ப்பாள் விலகும் "டொக்", தகடு உருளும் "தடதட", கடைசியில் இரும்பு இரும்பில் மோதும் கனமான "தொம்". ஒவ்வொன்றையும் தனியாகத் தேடினால் போதும்.

படி 2: தேடும் இடம்

புதியவர்களுக்கு முதலில் நான் சொல்வது ஃப்ரீசவுண்ட். பார்சிலோனாவில் உள்ள பொம்பெயு ஃபாப்ரா பல்கலைக்கழகம் 2005-லிருந்து நடத்தும் தளம். கணக்கு தொடங்கினால் இலவசமாக இறக்கலாம். பி.பி.சி.யும் 2018-ல் தன் ஒலிகளில் 16,000-க்கு மேல் இணையத்தில் திறந்துவிட்டது. ஆனால் அவை சொந்தப் பயன்பாட்டுக்கும் படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும் மட்டும்தான். காசு வரும் கேமில் போடுவதென்றால் தனியாக உரிமம் வாங்க வேண்டும். கேம் செய்பவர்களுக்காக சோனிஸ் என்ற நிறுவனம் பெரிய தொகுப்புகளை இலவசமாகத் தந்து வருகிறது. அவற்றை வணிக வேலையிலும் போடலாம், பெயர் குறிப்பிடவும் தேவையில்லை.

படி 3: உரிமத்தைப் படியுங்கள்

தயவுசெய்து இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். ஃப்ரீசவுண்டில் அதிகம் கண்ணில் படுவது சிசி, அதாவது கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற பொது உரிமத்தின் மூன்று வகை. சிசி ஜீரோ என்றால் எதற்கும் எடுக்கலாம். சிசி பை என்றால் எடுக்கலாம், ஆனால் பதிவு செய்தவர் பெயர், ஒலியின் பெயர், இணைப்பு, உரிமம் ஆகியவற்றைப் போட்டு, மாற்றியிருந்தால் அதையும் சொல்ல வேண்டும். சிசி பை என்சி என்றால் வணிகத்துக்குக் கூடாது. விளம்பரம் ஓடும் யூடியூப் வீடியோவுக்கும் அதை எடுக்காமல் இருப்பதே நல்லது. தேடல் பக்கத்திலேயே உரிமத்தை வைத்து வடிகட்டலாம். தொடக்கத்தில் சிசி ஜீரோ மட்டும் போதும்.

லேபிளை மட்டும் நம்பாதீர்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குறும்படத்துக்கு, "எல்லாம் இலவசம்" என்று போட்டிருந்த ஒரு தளத்திலிருந்து இடிச் சத்தம் எடுத்தேன். படம் ஏறிய மூன்றாம் நாளே உரிமைக் கோரிக்கை வந்துவிட்டது. அந்தத் தளம் வேறொருவர் விற்கும் லைப்ரரியிலிருந்து அள்ளிப் போட்டிருந்தது. அதிலிருந்து, ஏற்றியவரின் மற்ற பதிவுகளையும் கேட்டுப் பார்ப்பேன். சொந்தமாகப் பதிவு செய்கிறவர் எந்த மைக், எந்த இடம் என்று எழுதியிருப்பார். ஹாலிவுட் வெடிச் சத்தமும் கார்ட்டூன் சிரிப்பும் விவரமில்லாமல் கலந்து கிடந்தால் அந்தப் பக்கமே போவதில்லை.

பெரிய ஆட்களுக்கும் இது நேர்ந்திருக்கிறது. ரோப்லாக்ஸ் என்ற கேம் தளத்தில் பாத்திரம் செத்தால் வரும் "ஊஃப்" உலகத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும். அது 2000-ல் வந்த மெசையா என்ற கேமின் சத்தம். பிற்பாடு உரிமச் சிக்கல் எழுந்து, 2022 ஜூலையில் அதை எடுத்துவிட்டு வேறு போட்டார்கள்.

நம் நாட்டில் 1957 பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கான உரிமை, அது வெளியான அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகளுக்கு நீடிக்கும். "பழைய சத்தம்தானே" என்று கை வைக்கும் முன் இதைக் கணக்குப் பாருங்கள்.

இறக்கிய அன்றே ஒரு ஷீட்டில் குறித்து வையுங்கள்: ஃபைல் பெயர், இணைப்பு, யார் பதிவு, என்ன உரிமம், இறக்கிய தேதி. ஆறு மாதம் கழித்துத் தேடினால் கிடைக்காது.

படி 4: ஒரு அடுக்காவது நம்மூரில் பதிவு செய்யுங்கள்

ஸ்டாக் சத்தத்தை அப்படியே வைத்தால் கேட்டவர்களுக்கு உடனே தெரிந்துவிடும். ஊரின் ஒரு சத்தம் கலந்தால் அது அந்தக் கதைக்கே சொந்தமாகிவிடும்.

தகடு உருளும் "தடதட"வுக்கு எங்களுக்குத் தேவை ஒரு கடை ஷட்டர். பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் இரவு பத்து மணிக்குக் கடை எடுத்துவைக்கும் நேரம் போனோம். தெரிந்த ஜவுளிக்கடை அண்ணனிடம் கேட்டோம்.

"இன்னாபா, ஷட்டர் சத்தத்தையா புடிக்கப் போற?"

"ஆமாண்ணா. ரெண்டு தபா ஏத்தி இறக்குங்க, போதும்."

ஷட்டரை அன்றுதான் உன்னிப்பாகக் கேட்டேன். தூக்கும்போது முதல் இழுப்பு மெதுவாக, கரகரவென்று வருகிறது. பாதி வந்ததும் மேலே உள்ள ஸ்பிரிங் பாரத்தை வாங்கிக்கொள்ள, தகடுகள் சட்டென்று வேகமெடுத்து "தடதட"வென ஓடுகின்றன. உச்சியில் அடிப்பட்டை முட்டி நின்ற பிறகும் அரை நொடி அதிர்வு மிச்சமிருக்கிறது. அந்த அரை நொடியை எந்த லைப்ரரியிலும் நான் கேட்டதில்லை. அதை வெட்டிவிடாதீர்கள்.

பதிவுக் குறிப்புகள்: ஃபோன் ரெக்கார்டரில் வேவ் (சுருக்காத ஒலி ஃபைல்) இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். இரைச்சல் நீக்கும் வசதியை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் கடைசி அதிர்வை அது விழுங்கிவிடும். கைக்கெட்டும் தூரத்தில் வைத்தபோது சத்தம் அளவு மீறி எங்கள் பதிவு கரகரத்துச் சிதைந்தது. இரண்டடி பின்னால் போனதும் சரியானது. பைக் போகாத இடைவெளிக்குக் காத்திருந்ததில் இருபது நிமிடம் ஆயிற்று. கடைக்காரரிடம் அனுமதி கேளுங்கள், யார் பேச்சும் பதிவில் விழாமல் பாருங்கள்.

தாழ்ப்பாளுக்கு எங்கள் தெருமுனை கேரம் போர்டு. ஸ்ட்ரைக்கர் மரச்சட்டத்தில் மோதும் ஒரு "டக்" போதும்.

படி 5: அடுக்குங்கள்

ஆடாசிட்டியில் மூன்று டிராக்.

முதலாவது கேரம் "டக்". எஃபெக்ட் பட்டியலில் வேகமும் பிட்ச்சும் (சுருதியும்) சேர்ந்து மாறும் கருவியை எடுத்து, வேகத்தைப் பாதியாக்குங்கள். நீளம் இரட்டிப்பாகும், சுருதி ஒரு ஸ்தாயி இறங்கும். விரல் நகம் அளவுச் சத்தம் கனத்த மரத் தாழ்ப்பாளாகிவிடும். வெறும் பிட்ச் மாற்றும் கருவியில் இந்தக் கனம் வருவதில்லை.

இரண்டாவது எங்கள் ஷட்டர். அடிச் சத்தத்தைக் குறைக்கும் ஹைபாஸ் ஃபில்டரை 150 ஹெர்ட்ஸில் வைத்து, அடியில் கிடக்கும் தெரு உறுமலை நீக்குங்கள்.

மூன்றாவது லைப்ரரியில் எடுத்த கனமான இரும்புக் கதவு. மேல் சத்தத்தைக் குறைக்கும் லோபாஸ் ஃபில்டரை 400 ஹெர்ட்ஸில் வைத்து "தொம்" மட்டும் மிஞ்சும்படி செய்து, ஷட்டர் உச்சியில் முட்டும் நொடியில் வையுங்கள். ஷட்டரைவிட 6 டெசிபெல் குறைவாக இருக்கட்டும். மூன்றும் சேர்ந்த பிறகு மிக உரத்த இடம் மைனஸ் 3 டெசிபெல்லைத் தாண்டக் கூடாது.

இப்போது ஃபோன் ஸ்பீக்கரில் கேளுங்கள். சின்ன ஸ்பீக்கர் அடிச் சத்தத்தைத் தராது, "தொம்" காணாமல் போயிருக்கும். லோபாஸை 800 வரை ஏற்றினால் திரும்பி வரும்.

படி 6: சுற்றுப்புறம்

தம்பி துறைமுகக் காட்சிக்கு லைப்ரரியின் "ஹார்பர்" சத்தத்தைப் போட்டிருந்தான். அதில் ஐரோப்பியக் கடற்பறவைகள் கீச்சிட்டன. காசிமேட்டில் விடிகாலையில் முதலில் காதில் விழுவது காக்காயும் பருந்தும், விசைப்படகு எஞ்சினும், ஐஸ் உடைக்கும் சத்தமும்தான். அமெரிக்கப் படங்களில் வெண்தலைக் கழுகைக் காட்டி, செவ்வால் பருந்தின் குரலைப் போடுவது வழக்கம். கழுகைப் பார்த்துப் பழகியவருக்கு அது உறுத்தும். காசிமேட்டுக்காரர் நம் கேமை விளையாடும்போது அந்த உறுத்தல் வரக்கூடாது. இரண்டு நிமிடம் அங்கேயே நின்று பதிவு செய்தால் தீர்ந்தது.

படி 7: ஃபைல் வடிவம்

வீடியோவுக்கு 48 கிலோஹெர்ட்ஸ் வேவ். கேமுக்கு, குறிப்பாகச் சுற்றிச் சுற்றி ஓடும் சத்தங்களுக்கு, ஓஜிஜி என்ற சுருக்கிய வடிவம். எம்பி3 ஆக்கினால் முன்னும் பின்னும் சிறு மௌனம் சேர்ந்து, ஒவ்வொரு சுற்றிலும் விக்கும். ஒரே கதவு பத்து முறை திறந்தால் சலிக்கும். எனவே மூன்று வடிவங்கள் செய்து, கேம் எஞ்சினில் (கேமை இயக்கும் மென்பொருளில்) பிட்ச்சை 0.95-க்கும் 1.05-க்கும் நடுவே மாறிவர விடுங்கள்.

கடைசியாக, கலக்காத எங்கள் ஷட்டர் பதிவை ஃப்ரீசவுண்டில் சிசி ஜீரோவாகவே ஏற்றினோம். விவரத்தில் எழுதியது: இரும்பு ஷட்டர், இரவு 10 மணி, பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை, ஃபோனில் பதிவு, இரண்டடி தூரம். நீங்கள் எடுக்கும் பதிவுகளையும் இப்படி விவரத்தோடு ஏற்றுங்கள்.