எட்டுப் பிள்ளைகளுக்குப் பின்னல் கோலாட்டம் கற்றுக்கொடுப்பது எப்படி?

மேலே கட்டித் தொங்கவிட்ட கயிறுகளைப் பிடித்துக்கொண்டு, கோல் தட்டிச் சுற்றியாடி, அவற்றைப் பின்னி அவிழ்ப்பதுதான் பின்னல் கோலாட்டம். இதில் பின்னுவது சுலபம், அவிழ்ப்பதில்தான் சிக்கல். கலைத் திருவிழா நெருங்கியதும் பல பள்ளிகளில் எடுத்த எடுப்பிலேயே கயிற்றைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். அது கடைசியில் வர வேண்டியது.

தேவையானவை: ஆளுக்கு இரண்டு குச்சி, ஓர் அடி நீளம், முனைகளை உப்புத்தாளால் தேய்த்து மழுக்குங்கள். பருத்திக் கயிறு சிவப்பில் 4, மஞ்சளில் 4. நைலான் வேண்டாம், வழுக்கும், பின்னல் இறுகாது, உள்ளங்கையையும் அறுக்கும். 12 அடி உயரக் கிளையில் இரும்பு வளையத்தைக் கட்டி, எட்டுக் கயிற்றையும் அதில் முடிந்து தொங்கவிட்டால், கயிறு ஒவ்வொன்றும் 13 அடி போதும்.

தாளம்: உட்காரவைத்தே பழக்குங்கள். 1-இல் தன் குச்சிகளைத் தட்ட வேண்டும், 2-இல் எதிராளியின் வலக்குச்சியை. 3, 4 கடந்து போவதற்கு. இந்த இரண்டையும் பிள்ளைகள் விழுங்கிவிடுவார்கள், வாய்விட்டு எண்ணவையுங்கள்.

நடை: கயிறில்லாமல், 10 அடி விட்டத்தில் சாக்பீஸ் வட்டம். வலஞ்சுழியாக 1 முதல் 8 வரை எழுதி நிற்கவையுங்கள். ஒற்றை எண் சிவப்பு, வலஞ்சுழியாகப் போகும். இரட்டை எண் மஞ்சள், எதிர்ப்பக்கமாக. முதல் சந்திப்பில் சிவப்பு உள்ளே, மஞ்சள் வெளியே. அடுத்ததில் சிவப்பு வெளியே, மஞ்சள் உள்ளே. இப்படி மாறி மாறி 8 முறை கடந்தால் அவரவர் எண்ணுக்கே வந்துசேர வேண்டும். வராவிட்டால் யாரோ ஒரு சந்திப்பைத் தவறவிட்டிருக்கிறார். உள்-வெளி தப்பினால் மட்டும் தரையில் தெரியாது, கயிற்றில்தான் தெரியும். அதனால் "சிவப்பு உள்ளே, சிவப்பு வெளியே" என்று நீங்களே குரல் கொடுங்கள்.

கயிறு: இடக்கைக் குச்சியோடு சேர்த்துப் பிடிக்கட்டும், மிச்சத்தைக் குச்சியில் சுற்றலாம், மணிக்கட்டில் கூடவே கூடாது. வெளியே போகிறவர் கயிற்றை உயர்த்த, உள்ளே போகிறவர் அதன் அடியில் குனிந்து போவார். பின்னல் இறங்க இறங்க வட்டம் சுருங்கும், சுருங்கட்டும். முதல் தடவைக்கு இரண்டு சுற்று தாராளம்.

அவிழ்ப்பு: எல்லோரும் நின்ற இடத்திலேயே திரும்ப வேண்டும். எதிரே நிற்பவர் கடைசியாகக் கடந்த அதே ஆள். அப்போது வெளியே போன சிவப்பு இப்போதும் வெளியேதான் போக வேண்டும். பழக்கதோஷத்தில் "சிவப்பு உள்ளே" என்று தொடங்கினால் அவிழாது, இன்னொரு முறுக்குதான் ஏறும். எங்காவது இறுகினால் யாரும் இழுக்காமல் நிற்கட்டும். அந்த ஜோடியை மட்டும் பின்னுக்கு அனுப்பி, உள்-வெளி மாற்றிக் கடக்கவிடுங்கள்.