நேர்காணல் பதிவை நடித்துப் பார்த்துப் பொருள் காணுதல்

எழுத்துப்படியை மட்டும் படித்து வகைப்படுத்தும் ஆய்வாளர், பேசியவர் எங்கே தயங்கினார், எந்தச் சொல்லை விழுங்கினார் என்பதை எளிதில் தவறவிடுவார். ஆகவே ஒலிப்பதிவிலிருந்து இரண்டு நிமிடப் பகுதியைத் தேர்ந்தெடுத்து, திணறலையும் இடைவெளியையும் திருத்தாமல் எழுதி, மனப்பாடம் செய்து, சக ஆய்வாளர்கள் முன் நடித்துக் காட்டுங்கள். 1991இல் நியூயார்க்கின் கிரவுன் ஹைட்ஸ் பகுதியில் கறுப்பினத்தவருக்கும் யூதர்களுக்கும் இடையே நடந்த கலவரத்துக்குப் பின், அமெரிக்க நடிகையும் நாடகாசிரியருமான அன்னா டெவீர் ஸ்மித் இரு தரப்பினரையும் நேர்கண்டு, அவர்களுடைய சொற்களையே தனியொருவராக மேடையில் பேசி நடித்தது இம்முறைக்குத் தக்க சான்று. நடிக்கும்போது நா எங்கே இடறுகிறதோ (பெரும்பாலும் அங்கேதான் நம் விளக்கமும் பிழைத்திருக்கும்) அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு மூல ஒலியோடு ஒப்பிட வேண்டும். மிகைநடிப்பு கேலியாகிவிடும். பொதுமேடைக்குக் கொண்டுசெல்வதாயின், நேர்காணல் தந்தவரிடம் அதற்கெனத் தனி ஒப்புதல் பெற்று, அவருக்கே முதலில் காட்டி, அவர் மறுக்கும் வரிகளை நீக்கிவிடுங்கள்.